பிள்ளைமடுவமும் திரை விளையாட்டும்

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை வரையிலும், நானுஓயாவிலிருந்து இராகலை வரையிலும் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில், விடியற்காலைக் குளிரில் கம்பளியால் போர்த்திய குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் ஒப்புவித்துவிட்டு, நேரம் தவறினால் அரைப்பேர்தான், அதாவது அரைநாட் சம்பளந்தான், விழும் என்ற அச்சத்தோடு மலைக்கு விரையும் தாய்மாரை அறிந்தவர்கள், நான்கைந்து பிராயத்துப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றி எவர் எதைச் சொன்னாலும், அந்த மடுவத்தின் வாசலில் நின்றுதான் அதனைச் சிந்திப்பார்கள். எண்ணையும் எழுத்தையும் விளையாட்டாகக் கற்பிக்கும் ‘கேம்’களைக் கைத்தொலைபேசியில் இறக்கிக் கொடுத்துவிட்டால், முன்பள்ளியின் படியை மிதியாத பிள்ளைகூடத் தரம் 1க்குத் தயாராகிவிடும் என்று நல்லெண்ணம் படைத்த பலர் இன்று கூறுகின்றனர். அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், மடுவத்தில் பிள்ளையோடு பேச ஓர் ஆள் இல்லாத குறையை இத்தகைய விளையாட்டினால் மலிவாக ஈடுசெய்துவிடலாம் என்ற எண்ணம் நம்மவர் மனத்தில் வேரூன்றுமாயின், அதனால் விளையும் நஷ்டம் முழுவதும் தோட்டத்துப் பிள்ளையின் தலையிலேயே விழும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

2020 மார்ச் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைத்தொலைபேசி வழியாக வரத் தொடங்கிய காலத்தில், சிக்னல் எட்டாத பள்ளத்து லயங்களிலிருந்து மாணவர்கள் மேட்டுக்கு ஏறி நின்று படித்ததை மலையகம் மறந்துவிடவில்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயை எட்டுவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த குடும்பங்கள், கடன்பட்டேனும் பிள்ளையின் படிப்புக்காக ஒரு கைத்தொலைபேசியை வாங்கின. பாடசாலைகள் மீண்டும் திறந்தன. வாங்கிய கருவி வீட்டிலேயே தங்கிவிட்டது. அக்கா படித்த திரையை இப்போது தம்பி வைத்திருக்கிறான். கொழுந்து நிறுத்துவிட்டுக் களைத்து வந்த தாய், அடுப்பு மூட்டுகிற நேரத்துக்காவது அவன் அழாதிருக்கட்டும் என்று அதை அவன் கையில் கொடுக்கிறாள். அவளைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.

இவ்விளையாட்டுகளால் பிரயோசனமே இல்லை என்று வாதிப்பதும் நேர்மையாகாது. தான்சானியாவில் ஏறக்குறைய 170 கிராமங்களில், பெரும்பாலும் பள்ளிக்கூடம் காணாத சுமார் மூவாயிரம் பிள்ளைகளின் கையில் பலகைக் கணினிகளைக் கொடுத்து, ஆசிரியரின் துணையின்றியே எழுதவும் வாசிக்கவும் கணக்கிடவும் பழக்க இயலுமா என்று பதினைந்து மாதம் சோதித்த ஒரு சர்வதேசப் போட்டியில், 2019ஆம் ஆண்டு கிட்கிட் ஸ்கூல், ஒன்பில்லியன் என்னும் இரு குழுக்கள் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டன. ஆனால், அங்கே கற்றவர்கள் ஏழு வயதைக் கடந்தவர்கள் என்பதையும், விளையாட்டுகள் அவர்கள் அறிந்த சுவாகிலி மொழியிலேயே பேசின என்பதையும், அவை இணையத் தொடர்பின்றி இயங்கின என்பதையும் கவனியாது, அந்த வெற்றியை அப்படியே நான்கு வயதுப் பிள்ளைக்குப் பொருத்திக் காட்டுவது விவேகமன்று. சியாட்டல் நகரில் பட்ரீசியா கூல் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் 2003இல் வெளியிட்ட பரிசோதனையில், சீன மொழி பேசும் ஒருவர் நேரில் இருந்து விளையாடியபோது அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்ற ஒன்பது மாதக் குழந்தைகள், அதே பேச்சைத் திரையில் கண்டபோது ஒன்றும் கற்கவில்லை. நான்கு வயதுப் பிள்ளை கைக்குழந்தையன்று என்பது உண்மையே. எனினும், தன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் ஒருவரிடமிருந்தே பேச்சு பிறக்கிறது என்னும் நியதியிலிருந்து அவனும் வெகுதூரம் விலகிவிடவில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரையிலானோர் திரையின் முன் இருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது, குறைவாயின் இன்னும் நன்று என 2019இல் உலகச் சுகாதார ஸ்தாபனம் சொன்னதும் நினைவில் இருக்கத்தக்கது.

திரை மெய்யாகவே உதவக்கூடிய இடம் ஒன்றைச் சொல்லுகிறேன். தோட்டத்துப் பிள்ளை பிறந்தது முதல் கேட்டுவரும் ‘கொழுந்து’ என்ற சொல்லின் முதலெழுத்தை எடுத்துக்கொள்வோம். செவியில் ககரத்தின் ஒலி முன்னும் உயிரொலி பின்னுமாக விழ, கண்ணிலோ அவ்வுயிரின் குறி இரண்டாகப் பிளந்து, கொம்பு முன்னும் கால் பின்னுமாக, மெய்யை நடுவே வைத்து நிற்கிறது. புதிதாக எழுத்துக் கற்கும் பிள்ளை இங்கே தடுமாறுவது இயல்பே. ககரத்தின் பின்னால் பிள்ளை விரலால் காலை இழுத்து வைத்தால் ‘கா’ என்றும், முன்னால் கொம்பை வைத்தால் ‘கெ’ என்றும், இரண்டையும் வைத்தால் ‘கொ’ என்றும் உடனுக்குடன் ஒலிக்கும் ஒரு விளையாட்டு, அச்சிட்ட அரிச்சுவடியால் செய்ய முடியாத உபகாரத்தைச் செய்யும். ஆனால், ஆங்கில விளையாட்டு ஒன்றின் எழுத்தை மட்டும் மாற்றித் தமிழ் என்று பெயரிட்டு வருகிறவற்றுக்கு இந்தச் சிந்தை ஏது? ஆங்கில எழுத்துகளைப் போலவே தமிழ் எழுத்துகளையும் வரிசையாக நிறுத்தி, அழகான படமும் கைதட்டலும் சேர்த்துவிட்டால் கல்வி முடிந்தது என்று அவை எண்ணுகின்றன. கூடையும் படங்கும் மட்டக்கம்பும் நாள்தோறும் பார்க்கும் பிள்ளைக்குத் தான் ஒருபோதும் காணாத பொருள்களையே காட்டிக்கொண்டிருந்தால், எழுத்து வேறு, தன் வாழ்க்கை வேறு என்றே அது கற்றுக்கொள்ளும்.

1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, யுத்தகாலம் முழுவதும் இந்தியாவில் தங்கி, 1944இல் இலங்கைக்கும் வந்துசென்ற மரியா மொண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தையின் விரலால் தடவச் செய்தார். கண்ணாடித் திரைக்கு அந்தச் சொரசொரப்பு வாய்க்காது. மேலும், அவருடைய முறையில் குழந்தையின் அருகே, அது தடவும் எழுத்தின் ஒலியைச் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் எப்போதும் இருந்தார். மடுவத்தில் அந்த ஸ்தானத்தில் இருக்க வேண்டியவர் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர். பால் கரைத்து, உணவூட்டி, தூங்கச் செய்து, துணி மாற்றி, பதிவேடும் எழுதிய பின், நான்கு வயதுக்காரனோடு உட்கார்ந்து கதைக்க அவருக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும் என்று, திட்டம் வகுப்பவர்கள் ஒருநாளேனும் அங்கிருந்து பார்க்க வேண்டும்.

1992இல் தோட்ட நிருவாகம் தனியார் கம்பனிகளின் கைக்கு மாறிய பின்னர், இம்மடுவங்களைச் சீர்திருத்தும் பொறுப்பில் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் பங்கேற்று வருகிறது. முன்பிள்ளைப்பருவ அபிவிருத்திக்கென 2015இல் உலக வங்கி இலங்கைக்கு வழங்கிய ஐந்து கோடி டொலர் கடனுதவியில் பெருந்தோட்டத் துறைக்கும் இடமிருந்தது. கட்டடங்கள் பல புதுப்பொலிவு பெற்றன. அதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். இனிமேல் வரும் பணத்தில் முதற்பங்கு, மடுவத்துக்கு இன்னோர் ஆளை நியமிக்கவும், இருப்பவருக்குத் தக்க பயிற்சியும் ஊதியமும் கொடுக்கவும் செல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதற்குப் பிறகு ஒரு மடுவத்துக்கு ஒரு பலகைக் கணினி போதும். அது அவ்வுத்தியோகத்தரின் மடியில் இருக்கட்டும். நாலைந்து பிள்ளைகள் சுற்றி அமர்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் தொட்டு, சிரித்து, சண்டையிட்டு, கால்மணி நேரத்தில் அதை மூடிவிட்டு, திரையில் கண்ட கூடையை வெளியே தேடி ஓடட்டும்.

அத்தகைய விளையாட்டைச் செய்வதற்குப் பெருங்கம்பனிகளின் தயவை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பிரான்சில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜிகாம்பிரி என்னும் குழந்தைகள் விளையாட்டுத் தொகுதி, எவரும் இலவசமாகப் பெற்றுத் திருத்தி, தம் மொழியில் ஆக்கிக்கொள்ளத்தக்க சுதந்திர மென்பொருளாகும். இரண்டு வயது முதல் பத்து வயது வரையிலானோருக்கென்று அது அமைந்திருக்கிறது. மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி நூலாக்கித் தந்த சி.வி. வேலுப்பிள்ளையின் மண்ணில், தாலாட்டுக்கும் விளையாட்டுப் பாட்டுக்கும் பஞ்சமில்லை; அவற்றைப் பாடத் தெரிந்த பாட்டிமார் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். கணினி கற்றுக் கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் மலையக இளைஞர்களும் யுவதிகளும் இன்று பலர். அந்தப் பாட்டிமாரின் குரலைப் பதிவுசெய்து, தோட்டத்துப் படங்களைச் சேர்த்து, இணையமின்றி இயங்கும் ஒரு தொகுதியை இவர்களிடமிருந்து கேட்டுப் பெறவும், அதை முதலில் ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளின் சில மடுவங்களில் வைத்து, பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துத் திருத்தவும், அரசாங்கத்தின் சிறுவர் செயலகமும் மேற்சொன்ன நிதியமும் அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்னரே கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டும்.