அனுப்புகிற கையும் விடுவிக்கிற கையும்

தியானப் பகுதி: யோவான் 20:19-25



'மிஷன்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் பகுதியில் கண்முன் வருவது ஒரு கட்டடம். மிஷன் ஆஸ்பத்திரி, மிஷன் பள்ளிக்கூடம், மிஷன் காம்பவுண்டு என்று தலைமுறைகளாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அச்சொல் பிறந்த இடத்தில் அது கட்டடத்தின் பெயரன்று, ஒரு வினை. லத்தீன் மொழியில் 'மித்தெரே' என்றால் அனுப்புதல். மிஷன், மிஷனெரி என்பவை அதன் வழிவந்தவை. 1806ஆம் ஆண்டு ரிங்கல்தௌபே தென் திருவிதாங்கூருக்கு வந்தபோது இங்கே மிஷன் ஆஸ்பத்திரியும் இல்லை, காம்பவுண்டும் இல்லை. நெய்யூரில் மருத்துவ ஊழியம் தொடங்கியதே 1838இல்தான். மயிலாடி வேதமாணிக்கம் அழைத்தார். லண்டன் மிஷனெரி சங்கம் அனுப்பியது. அனுப்பப்பட்ட ஒரு மனிதர் வந்தார். அன்றைய மிஷன் அவ்வளவே.

இந்த வினையின் பிள்ளைகள் நம் வீடுகளில் தாராளமாகப் புழங்குகின்றன. அட்மிஷன், பெர்மிட், கமிஷன், டிஸ்மிஸ் ஆகிய யாவும் ஒரே குடும்பம். கடனுக்கு எழுதித் தரும் புரோநோட்டும் அதில் சேர்ந்ததே; வாக்குறுதியைக் குறிக்கும் லத்தீன் வினைக்கு 'முன்னே அனுப்புதல்' என்பது சொற்பொருள். சபைக் கமிட்டியும் அப்படியே. ஒரு பொறுப்பு யாரிடம் ஒப்புவிக்கப்பட்டதோ அவர்களே கமிட்டி. கத்தோலிக்கச் சகோதரர் திருப்பலியை லத்தீனில் 'மிஸ்ஸா' என்பர். ஆராதனையின் முடிவில் மக்களை அனுப்பிவிடும் வாக்கியத்திலிருந்து வந்த பெயர் அது. முழு ஆராதனைக்கும் அதன் கடைசிச் சொல்லே பெயராயிற்று!

இக்குடும்பத்தில் நாம் நின்று கவனிக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு: 'ரெமித்தெரே'. திருப்பி அனுப்புதல் என்பது அதன் முதற்பொருள். இறுக்கிய கயிற்றைத் தளர்த்துதல், வரவேண்டிய கடனை விட்டுவிடுதல் என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் மாதந்தோறும் அனுப்பும் பணத்தை 'ரெமிட்டன்ஸ்' என்கிறோமே, அது இச்சொல்லிலிருந்து வந்தது. மத்தேயு 26:28இல் ஆண்டவர் சொன்ன பாவமன்னிப்பை லத்தீன் வேதாகமம் குறிப்பதும் இதன் பெயர்ச்சொல்லால்தான்.

இப்போது யோவான் 20ஆம் அதிகாரத்திற்கு வாருங்கள். 21ஆம் வசனத்தில், பிதா தம்மை அனுப்பினதுபோலத் தாமும் சீஷரை அனுப்புவதாக உயிர்த்தெழுந்த ஆண்டவர் சொல்கிறார். 23ஆம் வசனத்தில் பாவங்களை மன்னிப்பதைப்பற்றிப் பேசுகிறார். 25ஆம் வசனத்தில் தோமா, ஆணிக் காயத்தில் தன் விரலை இட்டாலன்றி விசுவாசிக்கமாட்டேன் என்கிறான். மூலமாகிய கிரேக்கத்தில் இவை வெவ்வேறு வினைகள். லத்தீன் மொழிபெயர்ப்பிலோ அனுப்புதல் மித்தெரே, மன்னித்தல் ரெமித்தெரே, விரலை இடுதல் மறுபடியும் மித்தெரே. மொழிபெயர்ப்பில் அமைந்த உறவின்மேல் உபதேசத்தைக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் வசனங்களின் வரிசை கிரேக்கத்திலும் அதுவே: அனுப்பப்பட்டவர்களுக்கு முதலாவது ஒப்புவிக்கப்பட்ட வேலை மன்னிப்பின் வேலை.

தமிழருக்கு இது புதிதன்று. நம்முடைய 'விடு' என்னும் வினையை எண்ணிப்பாருங்கள். தூது விடுகிறோம்; கடனை விட்டுக்கொடுக்கிறோம்; விடை கொடுத்து அனுப்புகிறோம்; விடுதலை பெறுகிறோம். பற்றியிருக்கிற கை எதையும் அனுப்ப முடியாது. விடத் தெரிந்த கையே அனுப்பும்.

இங்கேதான் நம் சபைகளைக் குறித்து எனக்குள்ள பாரத்தைச் சொல்ல விரும்புகிறேன். குழித்துறை, மார்த்தாண்டம் சுற்றுவட்டாரச் சபைகள் மிஷனெரி காணிக்கையில் பின்வாங்குகிறவை அல்ல. வடக்கே முகம் அறியாத ஒரு கிராமத்திற்கு ஊழியரை அனுப்ப மனமுவந்து கொடுக்கிறோம். அதே காணிக்கைக் கவரை இடுகிற கை, ரப்பர் தோட்டத்து எல்லைக்கல்லுக்காக உடன்பிறந்தவன்மேல் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்துகிறது. கமிட்டித் தேர்தல் முடிந்து நெடுநாளாகியும் முகம் பாராமல் வெவ்வேறு வாசல்வழியாக வெளியேறுகிற விசுவாசிகள் இருக்கிறார்கள். மன்னிப்பின் செய்தியைத் தொலைதூரத்திற்கு அனுப்பிவிட்டு, அடுத்த வளவுக்கு அதை அனுப்ப மறுப்பது எப்படி மிஷன் ஆகும்? அது பணவிடை, அதற்குமேல் ஒன்றுமில்லை.

"நியாயம் என் பக்கம் இருக்கிறதே, எப்படி விடுவது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம் உங்கள் பக்கம் இருப்பதனால்தான் விடுவதற்கு உங்களிடம் ஏதோ ஒன்று இருக்கிறது. வரவேண்டிய கடன் உள்ளவனே கடனை விடமுடியும். மன்னிப்பது என்றால் நடந்த தீங்கைத் தீங்கல்ல என்று சொல்வதன்று. பலவீனரை ஒடுக்கினவனைச் சட்டத்திலிருந்து ஒளித்துவைப்பதும் மன்னிப்பன்று. ஆண்டவர் அந்த வீட்டிற்குள் வந்தவுடன் தம் கைகளையும் விலாவையும் காண்பித்தார் என்று 20ஆம் வசனம் கூறுகிறது. காயத்தை மறைக்காமல், காயத்தோடேயே சமாதானம் கூறினார். காயப்பட்ட கைகளே அவர்களை அனுப்பின.

லூக்கா 21ஆம் அதிகாரத்தில் ஏழை விதவை இரண்டு காசு போட்டதையும் லத்தீன் வேதாகமம் மித்தெரே என்றே சொல்கிறது. பிரியமானவர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை காணிக்கை இடுமுன், மத்தேயு 5:23-24ஐ ஒருமுறை வாசியுங்கள். இந்த வாரத்தில் ஒரே ஒரு பெயரை எண்ணுங்கள். பேசாமல் விட்ட ஒரு தம்பி, படியேறாமல் விட்ட ஒரு அத்தை வீடு. ஒரு தொலைபேசி அழைப்பு போதும். முடிந்தால் நேரில் போங்கள். அதன்பின் நீங்கள் இடுகிற காணிக்கை எவ்வளவு தூரம் போனாலும், அது உங்கள் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டதாயிருக்கும்.

ஜெபம்: அனுப்புகிற ஆண்டவரே, நாங்கள் இறுகப் பற்றியிருக்கிறதை விட எங்களுக்குக் கிருபை தாரும். நீர் எங்களுக்கு விட்ட கடனை நினைத்து, எங்களுக்குக் கடன்பட்டவர்களிடம் எங்களை அனுப்பும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.