இருவர்க்கு ஒரு கூடாரம்

‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. கல்லாலும் மரத்தாலும் ஆகிய வீட்டிற்கே அன்றி, ஓரிரவு தங்கி மறுநாள் மடித்தெடுத்துச் செல்லும் சீலை வீட்டிற்கும் அம்மொழி பொருந்தும் என்பதை யான் பட்டறிந்தேன்.

நம் கல்லூரியிற் பயின்ற அன்பர் பலர் இந்நாளிற் கல்வி கருதியும் தொழில் கருதியும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்கின்றனர். விடுமுறை நாட்களில் மோட்டார் வண்டியிற் சென்று, காட்டகத்தே ஒழுங்குசெய்யப்பட்டுள்ள தங்குமிடங்களிற் கூடாரம் அடித்து உறைதல் அந்நாட்டார்க்குப் பெருவழக்கு. அங்குச் செல்லும் நம்மவரிற் பலரும் அவ்வின்பத்தை விரைவில் நாடுவர். ஆண்டில் நாலைந்து முறை வண்டியோடும், ஓரிரு முறை மூட்டையை முதுகிற் சுமந்து காலால் நடந்தும் செல்லும் இருவர், எத்தகைய கூடாரத்தை வாங்குதல் தக்கது? இதுவே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

என் கருத்தை முதற்கண்ணே கூறிவிடுகின்றேன். ‘பெரும்பாலும் வண்டியோடுதானே செல்கின்றோம்’ என்று எண்ணிக் கூடாரம் வாங்கலாகாது. வண்டி அருகில் இல்லாத அந்த ஓரிரவை நினைத்தே வாங்குதல் வேண்டும்.

இக்கருத்து எனக்கு எளிதில் வந்ததன்று. டென்னஸி, வட கரோலினா என்னும் இரு மாகாணங்களின் எல்லையிற் கிரேட் ஸ்மோக்கி மலைத்தொடர் உளது. 1934ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாக அமைக்கப்பெற்ற அம்மலைநாட்டில், எல்க்மாண்ட் என்னும் தங்குமிடத்தில் யானும் என் நண்பர் ஒருவரும் ஒரு கோடையிற் கூடாரம் அடித்தோம். விலை குறைந்தது என்னும் ஒன்றையே கருதி வாங்கிய கூடாரம் அது. அதன் மழைச்சீலை, தலையிற் கவிழ்த்த தொப்பிபோல உச்சியை மட்டும் மூடியிருந்தது, பக்கங்களோ வெறுந்துணி. நள்ளிரவிற் காற்றோடு மழை சாய்ந்தடிக்கவே, நீர் பக்கத்தால் உட்புகுந்தது. யாங்கள் ஓடி வண்டிக்குள் ஒடுங்கி, உட்கார்ந்தபடியே உறங்கினோம். பொழுது விடிந்ததும் அதனைச் சொல்லிச் சொல்லி நகைத்தோம். அந்நகைப்பே எங்களை ஏமாற்றியது. கூடாரம் பழுதுடையது என்பதை வண்டி மறைத்துவிட்டது.

அடுத்த அக்டோபர் மாதத்தில், அதே கூடாரத்தைச் சுமந்து, உரிய அனுமதிச் சீட்டும் பெற்று, மலைமேல் நடந்து சென்று தங்கினோம். மழை மீண்டும் வந்தது. ஓடி ஒடுங்குதற்கு வண்டி வரவில்லை. என் நண்பருடைய உறக்கப்பை முற்றும் நனைந்தது. சிறிது நேரத்தில் அவர் உடல் நடுங்கிற்று, கைவிரல்கள் முடிச்சவிழ்க்க மாட்டாவாயின, நாக்குழறிற்று. குளிரால் உடற்சூடு குன்றும்போது தோன்றும் குறிகள் இவையே என்று அறிந்திருந்தமையால், அவருடைய ஈர உடையைக் களைந்து, உலர்ந்திருந்த என் பையை இருவர்க்கும் போர்வையாக்கி விடியுமளவும் விழித்திருந்தேன். அவர் நலம் பெற்றார். அன்றிரவு யான் நகைக்கவில்லை.

அம்மலையின் அடிவாரத்தில் ஆண்டொன்றிற்குச் சராசரி 55 அங்குல மழையும், சில சிகரங்களில் 85 அங்குலத்திற்கு மேலும் பெய்கின்றது. உச்சியின் வெப்பம் அடிவாரத்தினும் 10 முதல் 20 பாரன்ஹீட் பாகை குறைந்திருக்கும். நீர் உறைதற்குரிய குளிர் வேண்டா; நனைந்த உடையும் காற்றும் கூடினாலே உடல் சூடிழந்துவிடும். ஆதலாற் கூடாரத்தின் முதற்கடமை மழை தடுத்தல் என்க. மழைச்சீலை நாற்புறமும் தரையை ஒட்டி இறங்குதல் வேண்டும். தையல்கள் நீர்புகா வண்ணம் அடைக்கப்பட்டிருத்தல் வேண்டும். உள்ளே வலைத்துணியாலான ஒரு கூடாரமும், அதன்மேல் இடைவெளி விட்டு மழைச்சீலையும் அமைந்தால், நம் மூச்சின் ஈரம் வெளிச்சீலையிற் படிந்து வழியுமேயன்றி நம்மேற் சொட்டாது. நைலான் சீலை நனைந்தால் நெகிழும்; படுக்குமுன் இழுகயிறுகளை ஒருமுறை இறுக்கிக் கட்டுதல் நன்று.

இரண்டாவது, எடை. ஆல்ப்ஸ் மலையில் மாட்டர்ஹார்ன் சிகரத்தை 1865இல் முதன்முதல் ஏறிய குழுவினரான எட்வர்டு விம்ப்பர் தாமே வகுத்த கூடாரம் ஏறக்குறைய 23 ராத்தல், அஃதாவது 10 கிலோவிற்கு மேல், எடையுள்ளது. அதனைச் சுமத்தற்கு லூக் மெய்னே என்னும் உழைப்பாளி உடன்சென்றார். நமக்கு அத்தகைய துணைவர் இல்லை. நம் முதுகே நமக்குத் துணை. இந்நாளில் இருவர் கூடாரம் 1 கிலோ அளவிலிருந்து 4 கிலோ வரையிலும் கிடைக்கின்றது. யான் பரிந்துரைப்பது 2 கிலோ அளவினதே. ஒருவர் சீலையையும், மற்றவர் அலுமினியக் கழிகளையும் முளைகளையும் பகிர்ந்து சுமந்தால், தலைக்கு 1 கிலோவே ஆகும்.

‘அங்ஙனமாயின் 1 கிலோக் கூடாரத்தையே வாங்கலாகாதோ?’ என்பார்க்கு விடை கூறுவேன். அதனால் ஒருவர்க்கு மிஞ்சுவது அரைக் கிலோவே. அதற்கீடாக விலை மிகும், துணி மெலியும், சரளைக் கற்கள்மேல் மெல்லிய தரைச்சீலை எளிதிற் கிழியும். அன்றியும், மிக இலேசான கூடாரங்களிற் பல முளை அடித்தாலன்றி நில்லா. வண்டி செல்லும் தங்குமிடங்களிலோ நிலம் இறுகிக் கிடத்தல் பெரும்பான்மை. ஆதலின் கழிகளின் வலியால் தானே நிற்கும் கூடாரமே இருவகைப் பயணத்திற்கும் ஏற்றது. மாதக்கணக்கில் நடப்பவர்க்கு மெல்லிய கூடாரம் தகும். ஆண்டிற்கு இருமுறை நடப்பவர்க்குத் தகாது.

மூன்றாவது, இடம். கடைக்காரர் ‘இருவர்க்குரியது’ என்பதை அப்படியே கொள்ளற்க. இரு பாய்கள் நெருங்கிக் கிடக்க இடமுண்டு என்பதே அதன் பொருள். பாயின் அகலம் பெரும்பாலும் 51 சென்டிமீட்டர். அகன்ற பாயாயின் 64. ஆகவே தரை 130 சென்டிமீட்டர் அகலமேனும் உடையதாதல் வேண்டும். இருபுறமும் வாயில் இருப்பின், நள்ளிரவில் எழுவோர் உறங்குவோரை மிதிக்க நேராது. ஒவ்வொரு வாயிலின் முன்னும் மழைச்சீலை நீண்டு அமைக்கும் தாழ்வாரத்தில் ஈரச் செருப்பும் மூட்டையும் வைக்கலாம். ஆயின் உணவை ஆண்டும் வைத்தலாகாது. அம்மலைகளிற் கரடிகள் உலாவுகின்றன.

‘வண்டிக்கு ஒன்று, நடைக்கு ஒன்று என இரண்டு வாங்குவோம்’ என்பாரும் உளர். குழந்தைகளோடு செல்லும் குடும்பத்தார்க்கு அது தக்கதே. நின்றுலவும் உயரமுள்ள பெருங்கூடாரத்தின் வசதியை யான் மறுக்கவில்லை. எனினும் சிறு வருவாயுடைய இருவர்க்கு, இரண்டு எளிய கூடாரங்களினும் ஒரு நல்ல கூடாரம் சிறந்தது. வண்டியோடு செல்லுங்கால், தடித்த மெத்தையையும் மரங்களுக்கிடையே கட்டும் ஒரு படங்கையும் உடன்கொண்டால், சிறு கூடாரத்தின் குறை நீங்கும். சிறியதை வண்டி பெரிதாக்கித் தரும். பெரியதை முதுகு சிறிதாக்கித் தராது.

இறுதியாக ஒன்று. வாங்கியவுடன் வீட்டு முற்றத்திலே அடித்து, இருவரும் உள்ளே படுத்து, மேலே நீர் சொரிந்து பாருங்கள். திரும்பி வந்தபின் நன்குலர்த்தி மடித்து வையுங்கள். ஈரத்தோடு மடித்தாற் பூஞ்சணம் பற்றும். நீர்தடுக்கும் பூச்சும் கெடும்.

அன்பர்காள்! கூடாரம் பிழைத்த இரவில் வண்டி நம்மைக் காத்தது, மலையோ காவாது. உடன்வருவோர் நம் சொல்லை நம்பி நம்மருகே கண்ணுறங்குகின்றனர். அவருடைய தலைக்குமேல் நாம் விரிக்கும் சீலையை விலைநோக்கி மட்டும் தேர்தல் நட்பிற்கு அழகாமோ?