மண்டைக்குள் எழுத்து எங்கே?

கைநடுக்கம் கண்ட கிழவனையும், சித்தங்கலங்கிய பெண்ணையும் பார்த்து, "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு நம் மக்கள் சும்மா இருந்துவிடுகின்றார்கள். அந்த எழுத்தை யாராவது பார்த்ததுண்டா என்று நாம் கேட்டால் நாஸ்திகம் என்கின்றார்கள். சரி, மண்டைக்குள் பார்த்தவர்களையே கேட்போம். சென்னை ஐ.ஐ.டி.யிலுள்ள மூளை ஆராய்ச்சி நிலையத்தார், கருவிலிருந்த சிசுக்களின் மூளைகளை மெல்லிய ஏடுகளாகச் சீவி, 5,132 ஏடுகளைப் படம்பிடித்து, உலகத்தார் எவரும் காசில்லாமல் பார்க்கும்படி 2024-ல் வெளியிட்டார்கள். உயிரணுக்கள் தெரிகின்றனவேயொழிய, பிரமன் கையெழுத்து ஓர் ஏட்டிலும் காணோம்!

கைநடுக்கத்தின் காரணமும் செத்தவர் மூளையிலிருந்துதான் தெரிந்தது. 1960-ல் வியன்னாவில் எரிங்கர், ஹோர்னிகீவிச் என்ற இருவர், நடுக்குவாதக்காரராயிருந்து இறந்தவர்களின் மூளையைச் சோதித்து, டோபமீன் என்னும் ரசாயனப் பொருள் அதில் மிகவும் குறைந்திருக்கக் கண்டார்கள். மறுவருஷமே, மூளைக்குள் போய் டோபமீனாக மாறக்கூடிய மருந்தை ஊசிவழியாய்ச் செலுத்தியதில், படுக்கையைவிட்டு எழ முடியாதவர்கள் எழுந்து நடந்தார்கள். எந்தப் பரிகாரம், எந்த ஹோமம் இதைச் செய்தது?

இவ்வேலைக்கு வேண்டிய ஆழ்குளிர்ப் பெட்டி, சீவும் யந்திரம், உயர்ந்த பூதக்கண்ணாடி முதலியவைகளை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே வாங்குவதென்றால் கட்டுபடியாகாது. பணமிருந்தாலும் மூளைக்கு எங்கே போவது? ஆகவேதான் பெங்களூர் நிமான்ஸில் 1995 முதல் ஒரு மூளைக் களஞ்சியம் நடந்து வருகின்றது. இப்படிப்பட்ட இடங்களில் மூளையின் ஒரு பகுதியை, அமைப்பைப் பார்ப்பதற்காகப் பார்மலினில் பதப்படுத்துவார்கள். மற்றொரு பகுதியை, ரசாயனம் கெடாதிருக்கப் பூஜ்யத்திற்குக் கீழ் சுமார் 80 டிகிரிக் குளிரில் வைப்பார்கள். தக்க காரணங்காட்டிக் கேட்கும் ஆராய்ச்சிக்காரர்களுக்குத் துண்டு துண்டாய்க் கொடுப்பதால், ஒரு மூளை பல ஆராய்ச்சிகளுக்கு உதவும். ஊர்ப் பொதுக்கிணறு மாதிரிதான். நம் கிணறுகள் பலவற்றுக்கு இல்லாதிருந்த யோக்கியதையும் இதற்குண்டு: இறைக்க வருகின்றவனை என்ன ஜாதி என்று கேட்பதில்லை.

கிணறு தோண்டியாயிற்று, தண்ணீர்? கொடுப்பார் குறைவு. நோயாளி மூளை மாத்திரமல்ல, ஒப்பிட்டுப் பார்க்க நோயற்றவர் மூளையும் வேண்டும். கொடுத்தால் அடுத்த ஜென்மத்தில் மூளையில்லாமல் பிறக்க நேருமென்று பயப்படுகின்றவர்களும் உண்டு. சுடுகாட்டில் சாம்பலாகும் மூளை மாத்திரம் அந்த ஜென்மத்துக்கு எப்படிப் போய்ச் சேருமோ, நமக்கு விளங்கவில்லை. மூளையை எடுத்தபின் தலையைத் தைத்து, முகம் விகாரப்படாமல் பிரேதத்தை வீட்டாரிடமே ஒப்படைத்துவிடுகின்றார்கள். ஆனால் நேரம் தாழ்ந்தால் ரசாயனம் கெடும். பந்துக்கள் சம்மதமும் வேண்டும். புரோகிதருக்கு ஆள் போகுமுன் களஞ்சியத்துக்குச் சேதி போகவேண்டுமென்றால், நாம் உயிரோடிருக்கும்போதே மனைவி மக்களிடம் சொல்லி, எழுதியும் வைத்துவிடவேண்டும்.