பகீராவும் கம்பிச் சுருக்கும்

நோட்டன் பிரிட்ஜில் தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் பகலுக்கும் மாலைக்கும் வேற்றுமை தெரிவதில்லை. மூடுபனி வாசல்வரை வந்து அமர்ந்துகொள்ளும். விமலசுரேந்திர நீர்த்தேக்கம் எத்திசையில் இருக்கின்றதென்றே புலப்படாது. அத்தகையதொரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்திலுள்ள எமது தமக்கையார் இல்லத்துக்கு விருந்தினராகச் சென்றிருந்தோம். வெளியே ஓடியாட வழியின்றித் தவித்த பிள்ளைகள் படம் பார்க்கவேண்டுமென அடம்பிடித்தனர். ‘காட்டுப் புத்தகம்’ என நாம் தமிழில் வழங்கத்தக்க ‘ஜங்கிள் புக்’ படத்தைப் போட்டார்கள். கையால் வரைந்த பழைய சித்திரப் படமன்று. 2016 ஆம் ஆண்டு ஜோன் ஃபேவ்ரோ மெய்ப்படமாக இயக்கி வெளியிட்டது.

பழைய படத்தை நாம் சிறு பிராயத்தில் கண்டு களித்தவர்கள். வோல்ற் டிஸ்னி தம் மேற்பார்வையில் உருவாக்கிய கடைசிச் சித்திரப் படங்களுள் அது ஒன்று. 1966 டிசம்பரில் அவர் காலமானார். படம் 1967 ஒக்டோபரில் வெளிவந்தது. அதிலே கரடி ஆடும், குரங்குகள் பாடும், வேங்கையுங்கூடச் சற்றே நகைப்புக்கிடமாய் நடக்கும். அச்சம் தோன்றினாலும் அடுத்த பாட்டில் அது கரைந்துவிடும்.

புதிய படத்திலோ வேங்கை ஷேர்கான் பாறைமீது வந்து நின்றதும், கடைக்குட்டி பாட்டியின் சேலைத் தலைப்பினுள் முகம் புதைத்துக்கொண்டான். உரோமம் ஒவ்வொன்றும் காற்றில் அசைகின்றது. மூச்சு வாங்குகையில் விலா எலும்பு ஏறி இறங்குகின்றது. “இவ்வளவு மிருகங்களையும் எப்படிப் பழக்கினார்கள்?” எனப் பாட்டி வியந்தார். அவை யாவும் கணினியால் ஆக்கப்பட்டவை என்றோம். காடாகத் தோன்றுவது லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் படப்பிடிப்புக் கூடமே. மோக்லியாக நடித்த நீல் சேதி என்னும் இந்திய வம்சாவளிச் சிறுவன் அங்கு இல்லாத விலங்குகளை இருப்பதாய் எண்ணியே பேசி நடித்தான். காட்சி விந்தைக்குரிய ஒஸ்கார் விருதும் இப்படத்துக்கே கிடைத்தது. பாட்டி நம்பினாரோ, நாமறியோம்.

நல்லதொரு சித்திரத்தை மீண்டும் மெய்போல் எடுப்பதனால் வரும் பயன் யாது என்று கேட்பாருண்டு. நாமும் அவ்வையத்துடனேதான் அமர்ந்தோம். ஆயின் இரண்டு இடங்களில் புதிய படம் பழையதைவிட ஆழமாகச் சென்றிருக்கக் கண்டோம்.

முதலாவது, நீர் வற்றிய காலத்துச் சமாதானம். ஆற்றில் நீர் குறைந்து ஒரு பாறை வெளிப்பட்டால், அங்கு நீரருந்த வரும் எவ்வுயிரையும் எவ்வுயிரும் கொல்லலாகாது என்பது காட்டின் சட்டம். கிப்ளிங் எழுதிய கதையில் உள்ள இச்செய்தி பழைய படத்தில் இடம்பெறவில்லை. இதைக் கண்டபோது, வரட்சிக் காலத்தில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தினின்று தலைகாட்டும் பழைய மஸ்கெலியாவின் கோவில் எமக்கு நினைவு வந்தது.

இரண்டாவது, நெருப்பு. விலங்குகள் அதனைச் செம்மலர் என அஞ்சி அழைக்கின்றன. பழைய படத்திலே மின்னல் மூட்டிய தீயிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து மோக்லி வேங்கையின் வாலிற் கட்டிவிடுகிறான், வேங்கை ஓடுகின்றது, நாம் சிரிக்கின்றோம். புதிய படத்திலோ மனிதர் குடியிருப்பிலிருந்து அவன் கொண்டுவரும் தீப்பந்தத்தின் பொறி வழியிலே சிந்திக் காட்டையே பற்றவைக்கின்றது. தன்னை வளர்த்த விலங்குகளே தன்னைக் கண்டு அஞ்சுவதை அறிந்து, அவன் பந்தத்தை ஆற்றில் எறிந்துவிடுகிறான். தீமை செய்யக் கருதாத கையும் தீமை செய்துவிடும் என்பதை இதனினும் எளிதாய்ப் பிள்ளைகளுக்குக் கூறுதல் அரிது.

படம் முடிந்தது. ஏழாம் வகுப்பில் பயிலும் தமக்கையார் மகள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்பு, “மாமா, நல்லதண்ணியில செத்துப்போச்சே, அதுவும் பகீராதானே?” என்றாள்.

வாசகர்கள் அச்செய்தியை மறந்திரார். 2020 ஆம் ஆண்டு மே மாதம், நல்லதண்ணிப் பகுதியில் கம்பிச் சுருக்கிலே கழுத்து இறுகிய கருஞ்சிறுத்தை ஒன்று மீட்கப்பட்டு உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. சில நாட்களில் அங்கே இறந்தது. கருஞ்சிறுத்தை வேறோர் இனமன்று. நம்மவர் ‘புலி’ என வழங்கும் அதே சிறுத்தைதான். மரபணு மாற்றமொன்றால் மேனி கறுத்துப் பிறப்பது. வெயிலில் உற்று நோக்கின் அதன் புள்ளிகளும் தெரியும். இலங்கையில் அத்தகையது மிக அரிது.

கிப்ளிங் தம் நூலை எழுதியது அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில். டிஸ்னியார் அதனை வரைந்தது கலிபோர்னியாவில். அவர்கள் கற்பனையாற் கண்ட கரிய உயிர் நமது அண்டை மலையிலேயே நடமாடியிருக்கின்றது. இவ்விரு படங்களிலும் அநாதையாய்க் கிடந்த மனிதக் குழந்தையைக் கண்டெடுத்துக் காப்பது பகீராவே. நமது பகீராவை மனிதர் கட்டிய கம்பி கொன்றது.

சுருக்கு வைப்போர் யாவரும் கொடியவர் என்று கூறிவிடுதல் எளிது, நியாயமன்று. பெரும்பாலும் அது காட்டுப்பன்றிக்கு வைக்கப்படுவது. தோட்டச் சம்பளம் போதாமல் வீட்டோரத்தில் மரக்கறி பயிரிட்ட குடும்பம், ஓரிரவில் பாத்தி முழுவதும் உழப்பட்டுக் கிடப்பதைக் கண்டால் மனம் கொதிக்கத்தான் செய்யும். ஆயினும் கம்பிக்குக் கண்ணில்லை. பன்றியையும் சிறுத்தையையும் அது பிரித்தறியாது. பன்றிக் குட்டிகளைத் தின்று அவற்றின் பெருக்கத்தைக் குறைப்பதும் சிறுத்தையே. அதனைக் கொல்வது சட்டப்படி குற்றமாவதோடு, நம் பாத்திக்கும் நட்டமாகும்.

இவற்றை நாம் பிள்ளைகளுக்குக் கூறிக்கொண்டிருக்க, எமது மைத்துனர் ஒன்றும் பேசாமல் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். முந்திய வாரந்தான் அவரது உருளைக்கிழங்குப் பாத்தியைப் பன்றி கிளறியிருந்தது. வீட்டின் பின்புறத்து ஆணியிலே பழைய மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி ஒரு சுருள் தொங்கியதை நாமும் வரும்போதே கண்டிருந்தோம், கேட்கவில்லை. மகள் கேட்டாள்: “அப்பா, அந்தக் கம்பி எதுக்கு?”

அவர் உடனே விடை கூறவில்லை. மழை ஓய்ந்த மறுநாட் காலையில், நாம் பஸ்ஸுக்குப் புறப்படுகையில், ஆணியிலே கம்பி இல்லை. மனம் துணுக்குற்றுப் பாத்திப் பக்கம் எட்டிப் பார்த்தோம். மைத்துனர் அதனைத் துண்டு துண்டாக நறுக்கி, சரிந்திருந்த அவரைப் பந்தலின் கால்களை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். மகள் அருகே நின்று கம்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.