அருவியிலும் நமக்குப் பங்கு உண்டு

மழைக்காலம் முடிந்தால் கல்வராயன் மலையின் மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் பலர் வேன் பிடித்துப் போகிறார்கள். கடலூர், சிதம்பரம் வட்டாரச் சேரிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த அருவியைப் பார்த்திருக்கிறார்கள்? அந்த மலையில் பிறக்கும் கோமுகிதான் மணிமுக்தாவில் கலந்து, வெள்ளாறாகி, பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது.

பொதுக் குளத்து நீரைக் குடிக்கவே 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாடில் மக்களைத் திரட்ட வேண்டியிருந்தது. கிணறு, குளம், படித்துறை, சாலை எதிலும் சாதியால் தடை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு. ஆறு, ஓடை, ஊற்றைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம்.

சட்டம் தடையை நீக்கும். வேன் வாடகை கொடுக்காது. ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது, வனத்துறை அனுமதியுடன், மலைக்கு அழைத்துச் சென்று பாதுகாப்பாகத் தங்கவைக்க அரசு நிதி ஒதுக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் படித்த காட்டைப் பிள்ளைகள் கண்ணால் காணட்டும்.

போகும் மாணவர்களுக்கும் ஒரு சொல். அந்த மலை பழங்குடி மக்களின் வீடு. அவர்கள் புழங்கும் ஓடையில் சோப்பும் பிளாஸ்டிக்கும் போடாதீர்கள். தண்ணீருக்காகப் போராடிய நாம், அடுத்தவர் தண்ணீரைக் கெடுக்கலாகாது.