ஆன்மா என்கிற பழுது

"பழைய காருக்கு ஆன்மா இருந்துச்சு பாஸ், இப்ப வர்றதெல்லாம் வெறும் டப்பா." இந்த வசனத்தைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பழைய காரில் வேலைக்குப் போய்வந்தவர்கள் இல்லை.

ஒரு பக்கம் 1981-ன் ஃபெராரி 308 ஜிடிஎஸ்ஐ. 'மேக்னம் பி.ஐ.' தொடரில் டாம் செல்லக் ஹவாயில் ஓட்டித் திரிந்தாரே, அந்தச் சிவப்பு ரகம். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் 2.9 லிட்டர் வி8. அமெரிக்காவில் விற்ற வண்டிக்கு 205 குதிரைத்திறன். இன்னொரு பக்கம் 2018-ன் ஹோண்டா ஒடிஸி. எட்டுப் பேர் உட்காரலாம், சறுக்குக் கதவு, 280 குதிரைத்திறன். பச்சை விளக்கு விழுந்ததும் இரண்டும் கிளம்பினால், டயாப்பர் பையும் பால் புட்டியுமாக வேன் முன்னால் போய்விடும்.

இதைச் சொன்னால் உடனே, "வேகமா முக்கியம்? அனுபவம்ங்க!" என்பார்கள். 1981-ல் வேகத்தைச் சொல்லித்தானே விற்றார்கள்? தோற்றபிறகு ஆட்டத்தின் விதியை மாற்றுவது என்ன நியாயம்?

அந்த அனுபவத்தையும் பார்ப்போம். எண்ணெய் சூடாகும்வரை இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். பவர் ஸ்டியரிங் கிடையாது, பார்க்கிங்கில் தோள்பட்டை கழன்றுவிடும். இதே குணங்கள் வேனில் இருந்தால் ஷோரூமில் போய்க் கத்துவோம். ஃபெராரியில் இருந்தால் அது ஆன்மா.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு இதில் சொந்தக் கோபமும் உண்டு. ஈரச் சாலை வளைவில், பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுங்கள். நடுவில் எஞ்சின் வைத்த 308-ன் பின்பக்கம் உங்களை முந்தப் பார்க்கும். அதற்குமேல் உங்கள் திறமை, உங்கள் விதி. ஒடிஸியில் ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வண்டி உண்மையில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒரு நிரல் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடுகிறது. டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு சிமிட்டி அணையும், அவ்வளவுதான்.

இதை பாஷ் நிறுவனத்தில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆன்டன் வான் சாண்டன். 1995-ல் விலை உயர்ந்த மெர்சிடிஸில் வந்தது. 1997-ல் ஒரு ஸ்வீடன் பத்திரிகையின் சோதனையில் மெர்சிடிஸின் சின்னக் கார் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் சின்னக் காருக்கும் இது கட்டாயம் கிடைத்தது. அமெரிக்காவில் 2012 மாடல் முதல் சட்டமே வந்துவிட்டது.

308-ன் கோடுகள் அழகுதான், மறுக்கவில்லை. புதுக் கார்களில் ஏசியைக் குறைக்கக்கூடத் திரையைத் தடவ வைக்கிறார்களே, அது அசல் மடத்தனம். ஆனால் ஃபெராரியின் படம் நம்மில் எத்தனை பேர் அறைச் சுவரில் இருந்தது? வான் சாண்டன் என்ற பெயரை இதற்குமுன் எங்கே கேட்டீர்கள்?