பெயரில்லாக் கேனும் பேசாத சட்டமும்

ஆகாயத்தில் பறக்கும் விமானத்தில் ஒட்டுப் போடுவதற்கு ஒரு நீதி. கடலில் மிதக்கும் படகில் ஒட்டுப் போடுவதற்கு வேறொரு நீதி! இக்கால விமானங்கள் பலவற்றின் இறக்கை இழையாலும் பிசினாலும் ஆனது. நம் கடற்றொழிலாளரின் பைபர் படகும் இழையாலும் பிசினாலும் ஆனதே. குலம் ஒன்று, தரம்தான் வேறு. இரண்டிலும் ஏறிச் செல்பவன் மனிதன் என்பதை மட்டும் நம்மை ஆள்வோர் மறந்துவிட்டனர்.

தில்லையடியில் வாழும் முதியவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம்மிடம் வந்தார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, மன்னார்க் கரையிலிருந்து கடல் வழியே கற்பிட்டிக்கு வந்து சேர்ந்த முஸ்லிம் மக்களுள் அவரும் ஒருவர். அவர் படகின் அடியில் போட்ட ஒட்டு, ஒரு மாதம் நிறையுமுன்னரே நடுக்கடலில் தோல் உரிவதுபோல் உரிந்து வந்தது. தந்தையும் மகனும் நீரை இறைத்து இறைத்துக் கரை சேர்ந்தனர். மிச்சமிருந்த ரெசினை ஒரு கேனோடு கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்து, "தம்பி, வித்தவன் மேல வழக்குப் போடலாம்தானே?" என்று கேட்டார்.

போடலாம். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. எதற்காக வாங்குகிறோம் என்பதை அறிவித்து, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அதற்குத் தக்கதாக இருக்கவேண்டும் என்பது அதன் விதி. ஆனால் விற்கப்பட்ட பொருள் யாது? அந்தக் கேன் முன்னொரு காலத்தில் சமையல் எண்ணெய்க் கேன். எந்த ஆலையில், எந்த நாளில், எந்தத் தொகுதியில் செய்த ரெசின் அது? ஹார்ட்னர் எவ்வளவு கலக்கவேண்டும்? ஒன்றும் இல்லை. ரசீதும் இல்லை. "இது என் கடைப் பொருளன்று" என்ற ஒரே வாக்கியத்தில் எதிராளி வழக்கை முடித்துவிடுவார். ரெசின்தான் கெட்டதோ, ஒட்டியவரின் கைப்பிழையோ, பழைய தளத்தைச் சரியாகத் தேய்க்காமல் விட்டனரோ, நம்மாலும் சொல்ல இயலாது. சொல்ல இயலாத நிலையைத்தான் நாம் குற்றமென்கிறோம்.

விமானத் தொழிலில் இந்த நிலை எழ இடமில்லை. பிசின் தோய்த்த இழைச் சுருளைப் பொதுவாகச் சுழியத்துக்குக் கீழ் 18 பாகைக் குளிரில் வைக்கிறார்கள். வெளியே எடுத்த நேரமும் திரும்ப வைத்த நேரமும் எழுதப்படுகின்றன. வெளியே இருந்த மணிகள் கூட்டப்பட்டு, எல்லை கடந்தால் அச்சுருள் விமானத்துக்கு ஆகாது. ஒரு தொகுதியைப் பல துண்டாகப் பிரித்தால் அத்தொகுதியின் இலக்கம் ஒவ்வொரு துண்டோடும் செல்லும். செய்தவர் கையெழுத்து உண்டு. சரிபார்த்தவர் கையெழுத்தும் உண்டு.

இவை வீண் சடங்குகள் என்பார்க்கு 1985 ஓகஸ்ட் 12ஐ நினைவூட்டுகிறோம். அன்று ஜப்பானில் வீழ்ந்த போயிங் 747இல் 520 உயிர்கள் போயின. ஏழு ஆண்டுகளுக்கு முன் அதன் பின்புறத் தடுப்புச் சுவரைப் பழுதுபார்த்தபோது, ஒரே துண்டாக வைக்கவேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டி வைத்தனர். வரைபடம் சொன்னது ஒன்று; உள்ளே வைத்தது வேறொன்று. 2024 ஜனவரி 5ஆம் நாள் அமெரிக்காவில் அலாஸ்கா நிறுவனத்தின் விமானமொன்றில் கதவடைப்புப் பலகை வானில் பிய்ந்து போயிற்று. நான்கு ஆணிகள் பூட்டப்படவில்லை. தொழிற்சாலையில் அப்பலகையைக் கழற்றியதற்கான பதிவே இல்லை. எழுதாத வேலையைச் சரிபார்க்க எவர் வருவார்? உயிர்ச்சேதம் இல்லாமற் போனது நற்பேறு. 2023இல், பொய்ச் சான்றிதழோடு விற்ற எஞ்சின் உதிரிப் பாகங்கள் உலகெங்கும் விமானங்களில் இருப்பது வெளிப்பட்டபோது, அவற்றைத் தேடிக் கழற்றினார்கள். தேட முடிந்தது, ஏனெனில் எது எங்கே பூட்டப்பட்டது என்று ஏட்டில் இருந்தது. புத்தளம் கரையில் கெட்ட ரெசின் ஒரு பீப்பாய் வந்து இறங்கினால், எந்தெந்தப் படகைத் தேடுவது?

"படகு விமானமன்று, ஏழை மீனவன்மேல் இத்தனை காகிதச் சுமையா?" என்று அதிகாரிகள் கேட்பர். ஏழையின்மேல் இவர்களுக்குத் திடீரெனப் பொங்கும் பரிவு வியப்புக்குரியது! படகைப் பதிவதற்கும் எண் இடுவதற்கும் அதே ஏழையை வரிசையில் நிறுத்தும்போது இப்பரிவு எங்கே போயிருந்தது? நாம் மீனவன்மேல் சுமையேற்றச் சொல்லவில்லை. இறக்குமதியாகும் பீப்பாயில் தொகுதி இலக்கமும் நாளும் இருக்கின்றன. பீப்பாயிலிருந்து கேனுக்கு ஊற்றும் அந்த ஒரு கணத்தில்தான் அவை மறைகின்றன. ஊற்றுகிறவன் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டட்டும், அவ்வளவே.

விவசாயிகள் இதை உடனே விளங்கிக்கொள்வர். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின், மருந்துப் போத்தலில் மும்மொழியிலும் விவரம் வேண்டும் என்ற முறை உண்டு. கற்பிட்டியின் மிளகாய்த் தோட்டத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு, அதே கற்பிட்டியின் படகுக்கு ஏன் ஆகாது? ஹார்ட்னரும் விளையாட்டுப் பொருளன்று. ரெசினை விரைவுபடுத்தும் கோபால்ற்றோடு அதை நேரே கலந்தால் தீப்பற்றி வெடிக்கும். அந்த எச்சரிக்கையைத் தமிழ் பேசும் தொழிலாளி தமிழில் படிக்க வேண்டாமா? 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் வெறும் கேனில் மும்மொழியும் சமம், எம்மொழியும் இல்லை.

புதிய சட்டமும் வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, விவரத்தாள் ஒட்டுமாறு உற்பத்தியாளருக்கும் வணிகருக்கும் பணிக்கும் அதிகாரத்தைத் தருகிறது. பிரித்து ஊற்றும் ரெசினுக்கும் ஹார்ட்னருக்கும் அதைப் பயன்படுத்துமாறு கேட்கிறோம். கடற்றொழில் திணைக்களம் படகின் பதிவோடு ஒரு பழுதேட்டையும் கொடுக்கட்டும்: ஒட்டுப் போட்ட நாள், ரெசினின் இலக்கம், செய்தவர் பெயர்.

ஒன்று சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையற்றவராவோம். கொழும்பைத் திட்டி மேடையில் கைதட்டு வாங்குவது எளிது. ஆனால் அந்தக் கேனில் ஊற்றி விற்றவர் நம் மொழி பேசுபவரே. ரசீது கேட்டால் முகம் சுளிப்பவரும் நம்மவரே. கேட்காமல் வாங்கியவரும் நம்மவரே. கட்சி பார்த்து, ஊர் பார்த்து இவர்களுக்கு விலக்குக் கேட்க நாம் ஆயத்தமில்லை.

முதியவர் வேறு ஒட்டுப் போட்டு மீண்டும் கடலுக்குப் போகிறார். அந்த ரெசினும் அதே போன்ற கேனில்தான் வந்ததாம். முதற் கேன் இன்னும் நம் மேசையில் இருக்கிறது. அதிகாரசபையார் எப்போது வந்து கேட்டாலும் கையளிக்க ஆயத்தமாயிருக்கிறோம்.